விரதமிருந்து கொடுத்த ரத்தம்

எங்கள் வீட்டில் அசதிக்கு மரியாதை கிடையாது. காய்ச்சலுக்கு உண்டு, தெர்மாமீட்டரில் காட்டலாம். வாந்திக்கு உண்டு, நாலு வீட்டுக்குக் கேட்கும். அசதி என்று சொன்னால் மட்டும் ஆளுக்கொரு பதில் கைவசம் இருக்கும். வெயில் என்பார்கள், வயசு என்பார்கள், கண் பட்டிருக்கும், உப்பு மிளகாய் சுற்றிப் போடு என்பார்கள். சுற்றிப் போடுகிற வேலையும் எனக்குத்தான்.

மாமா, அதாவது என் கணவரின் அப்பா, பக்கவாதம் வந்து படுத்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு பாதிதான் திரும்பியது. வல்லத்திராக்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டிருந்தோம். ஏதாவது வேண்டுமென்றால் டம்ளரால் கட்டில் சட்டத்தில் தட்டுவார். நல்ல மனிதர். தட்டிவிட்டு, நான் வந்ததும் என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுச் சுவரைப் பார்த்துக்கொள்வார். அதனால் அவர்மேல் கோபப்படவும் வழியில்லை.

விடியுமுன் எழுந்து அவருக்கு உடம்பு துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டி, சமைத்து, குளித்து, ஓடிப்போய் பஸ் பிடிப்பேன். டவுனில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர் நான். சாயங்காலம் வரை கத்திவிட்டுத் திரும்பினால், காலையில் செய்ததெல்லாம் மறுபடி முதலிலிருந்து. நடுவில் மதியம் மட்டும் பக்கத்து வீட்டு அக்கா வந்து மாமாவுக்குச் சாப்பாடு கொடுப்பார். கணவருக்கு டவுனில் மோட்டார் காயில் கட்டும் கடை. மகன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறான்.

ஒருநாள் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூங்கி, எங்கள் ஸ்டாப்பைத் தாண்டி இரண்டு ஊர் போய்விட்டேன். கண்டக்டர் தோளருகே விசில் ஊதித்தான் எழுப்பினார். "என்ன டீச்சர், வீட்டுக்குப் போற எண்ணம் இல்லையா?" என்றார். இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது.

அன்றைக்குக் கணவர் கடையிலிருந்து வந்ததும் சொல்லிவிட்டேன். "ஒங்க தங்கச்சி ஒரு மாசம் மாமாவ வச்சுப் பாக்கட்டுங்க. எனக்கு முடியல. ஒரே அசதியா இருக்கு."

அவருடைய தங்கச்சி கறம்பக்குடியில் இருக்கிறாள். புருஷன் கத்தாரில். பள்ளிக்கூடம் போகிற ஒரே பெண். நல்ல மாதிரியாகத்தான் பேசுவாள், ஆனால் அப்பாவைப் பார்க்க வந்தால் சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிடுவாள்.

கணவர் கையில் ஒட்டியிருந்த வார்னிஷைச் சுரண்டிக்கொண்டே யோசித்தார். "அவகிட்ட என்னன்னு சொல்றது? ஒனக்கு அசதியா இருக்குன்னா? 'எனக்கு மட்டும் அசதி இல்லையாண்ணே'ம்பா. மொதல்ல ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துப் பாத்துருவம். அதுல ஏதாச்சும் இருந்துச்சுன்னா நானே அவளுக்குப் போன் போடுறேன்."

ஆக, என்னுடைய ஒரு மாதத் தூக்கம் என் ரத்தத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதில் ஏதாவது இருந்தால் ஓய்வு. இல்லையென்றால் டம்ளர் சத்தம்.

அந்த வாரம் முழுக்க நான் சாமி கும்பிட்டது வேறு மாதிரி இருந்தது. பெரிதாக எதுவும் வேண்டாம், சின்னதாக, மரியாதையாக ஏதாவது ஒன்று இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ரத்தம் கொஞ்சம் குறைவு, தைராய்டு கொஞ்சம் கூட, அந்த அளவில் போதும். நோய் வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் நிலைமை ஒரு மனுஷிக்கு வரக்கூடாது. எனக்கு வந்தது.

டவுனில் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் ஒரு லேப்புக்குப் போன் செய்தேன். "மாஸ்டர் செக்கப்பாக்கா? ஃபாஸ்டிங்ல வாங்க. காலைல ஏழு மணிக்கே தொறந்துருவோம்" என்றாள் அங்கிருந்த பெண்.

ஃபாஸ்டிங் என்றால் விரதம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் அர்த்தம் எழுதிப் போடுகிறவளுக்கு இதுகூடத் தெரியாதா என்ன? நான் வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறவள்தான். அதனால் வெள்ளிக்கிழமையே போய்விட்டால் ஒரே வேலையாகப் போகும் என்று கணக்குப் போட்டேன். எங்கள் பக்கம் விரதம் என்றால் சோறு ஆகாது, இட்லி தோசை ஆகாது, வெங்காயம் ஆகாது. பால், பழம் சாப்பிடலாம். அன்றைக்கும் வழக்கம்போலத் தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, சீனி போட்டு ஒரு டம்ளர் பால் குடித்து, இரண்டு பூவன்பழம் தின்றுவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

லேப்பில் அந்தப் பெண் என் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டே கேட்டாள். "ஃபாஸ்டிங் தானக்கா?"

"ஆமாம்மா, விரதந்தான்."

அவளுக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி. நெற்றியில் விபூதியும் ஈரத் தலையுமாக உட்கார்ந்திருந்தவளை யார் சந்தேகப்படுவார்கள்? நரம்பு ஒரே குத்தில் கிடைத்தது. மூன்று குப்பிகளில் பிடித்துக்கொண்டு, ஏதாவது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வரச் சொன்னாள். விரத நாளாயிற்றே என்று இன்னும் இரண்டு பழம் வாங்கித் தின்றுவிட்டு, பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கேயும் தூங்கிவிட்டேன். எழுந்து ஓடி இன்னொரு தடவை ரத்தம் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். லேட்டாகப் போனதற்கு ஹெட்மிஸ்ட்ரஸ் பார்த்த பார்வையும் விரதத்தில் சேர்ந்தது.

சாயங்காலம் கணவரின் செல்லுக்கு ரிசல்ட் வந்தது. நாலு பக்கம். இந்த மாதிரிக் காகிதங்களை எங்கள் வீட்டில் ஒரே விதமாகத்தான் படிப்போம்: தடித்த எழுத்து எங்கே இருக்கிறது என்று மட்டும் தேடுவோம். நார்மலாக இருப்பதெல்லாம் மெல்லிய எழுத்தில் இருக்கும், அது கணக்கில் வராது. அவர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன். ஹீமோகுளோபின் மெல்லிய எழுத்து. தைராய்டு மெல்லிய எழுத்து. கிட்னி, கல்லீரல், கொழுப்பு எல்லாம் மெல்லிய எழுத்து.  அவ்வளவுதானா, ஒன்றுமே இல்லையா என்று தோன்றியது.

கடைசிப் பக்கத்தில் இருந்தது. ஃபாஸ்டிங் சுகர் நூற்று ஐம்பத்திரண்டு. தடித்த எழுத்து, பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி.

"சுகர் வந்துருச்சே" என்றார் கணவர். அவர் முகம் வாடிவிட்டது. அன்றைக்குத்தான் கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார். சீனி இல்லாமல்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போனோம். அவர் காகிதத்தைப் புரட்டிப் பார்த்து, "சாப்பிட்ட பிறகு எடுத்தது நல்லா இருக்கு, ஃபாஸ்டிங்ல எடுத்ததுதான் கூட இருக்கு. ஆரம்பமா இருக்கலாம். இப்ப மாத்திரை வேணாம். சாப்பாட்டக் கட்டுப்படுத்துங்க, நடங்க, நல்லாத் தூங்குங்க. ஒரு மாசம் கழிச்சு மறுபடி எடுப்போம். அப்ப மூணு மாசச் சராசரி காட்டுற டெஸ்டும் சேத்து எடுத்துருங்க" என்றார். நல்லாத் தூங்குங்க என்றபோது நான் கணவரைப் பார்த்தேன். அவரும் தலையாட்டினார்.

வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிறவர்தான். ஆஸ்பத்திரி வாசலிலேயே தங்கச்சிக்குப் போன் போட்டார். "ஒங்க அண்ணிக்குச் சுகர் வந்துருச்சும்மா" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றுமே சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் கார் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லவே இல்லையே அண்ணி" என்றாள். இரண்டு வருடமாக அவள் வரும்போதெல்லாம் அசதி என்று நான் சொன்னதை அவள் கேட்கவில்லை. ஒரு அம்புக்குறி சொன்னதும் கார் வந்துவிட்டது. மாமாவைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தோம். போகும்போது அவர் என்னைப் பார்த்து வலது கையைத் தூக்கினார். எனக்கு அழுகை வந்தது. வண்டி தெருமுனை திரும்பியதும் கதவைச் சாத்திவிட்டுப் படுத்தேன். மத்தியானம் படுத்தவள் இருட்டிய பிறகுதான் எழுந்தேன்.

அந்தத் தூக்கத்தை எப்படிச் சொல்வது? ஆனைப்பசிக்குச் சோளப்பொரி மாதிரி, எவ்வளவு தூங்கினாலும் போதவில்லை. சோறு கொதிக்கிற நேரத்தில் அடுப்படியில் உட்கார்ந்து தூங்கினேன். எவ்வளவு பட்டிருக்கிறேன் என்று தூங்கத் தூங்கத்தான் தெரிந்தது.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில், ஸ்டாஃப் ரூமில், கணக்கு டீச்சர் தன் லேப் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போனதற்காகத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். "பச்சத் தண்ணியத் தவிர எதுவும் பல்லுல படக்கூடாதாம் டீச்சர்" என்றார்.

"பால் பழங்கூடவா?" என்றேன்.

"பால் பழம் சாப்பிட்டா அப்பறம் என்ன ஃபாஸ்டிங்கு?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு வகுப்புக்குப் போய், கரும்பலகையில் என்ன எழுத வந்தேன் என்று தெரியாமல் நின்றேன். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

எனக்குச் சுகரும் இல்லை ஒன்றும் இல்லை. டம்ளர் பாலும் இரண்டு பூவன்பழமும்தான் அந்த நூற்று ஐம்பத்திரண்டு. ஃபாஸ்டிங் சோதனையில் தடித்த எழுத்தில் நின்றது என் இங்கிலீஷ்.

சாயங்காலம் கணவர் வந்து கை கால் கழுவும்போதே சொல்லிவிட்டேன். மனதில் வைத்துக்கொண்டு திரிய எனக்குத் தெம்பில்லை. அவர் சோப்பு நுரையோடு அப்படியே நின்றார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முகத்தில் ஒரு வினாடி சந்தோஷம் தெரியத்தான் செய்தது. பிறகு குழாயை மூடிவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"இப்ப இதச் சொன்னா அவ நாளைக்கே கொண்டாந்து விட்டுருவா. ஒரு மாசம் ஆகட்டும். நீ தூங்கு."

"அப்ப எனக்கு முடியலங்கிறது ஒங்களுக்குத் தெரியும்?"

"தெரியாம என்ன? கண்ணு இல்லையா எனக்கு?"

"தெரிஞ்சுமா டெஸ்ட் எடுக்கச் சொன்னீங்க?"

"எனக்குத் தெரிஞ்சா ஆச்சா? அவகிட்ட காட்டுறதுக்கு ஒண்ணு வேணும்ல."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தண்ணீர் வாளியைத் தூக்கி ஊற்றியிருப்பேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவருக்கு எனக்கு வந்ததே தெரிந்திருக்கிறது, தெரிந்ததைச் சொல்ல ஒரு காகிதம் தேவைப்பட்டிருக்கிறது. ஆனால் சண்டை போடவும் தெம்பு வேண்டுமே. நான் போய்ப் படுத்துக்கொண்டேன். அன்றைக்கு அவரே தோசை ஊற்றிச் சாப்பிட்டார்.

இல்லாத சுகரோடு ஒரு மாதம் வாழ்வது லேசான காரியமில்லை. ஊரில் எல்லோரும் டாக்டர்தான். பக்கத்து வீட்டு அக்கா பாகற்காயை அரைத்து டம்ளரோடு வந்து நின்றார். நான் குடித்து முடிக்கும்வரை நகரவில்லை. நாத்தனார் கறம்பக்குடியிலிருந்து நாவல் கொட்டைப் பொடி கொடுத்துவிட்டாள். ஒரு வளைகாப்பு வீட்டில் எனக்கு மட்டும் கேசரி வைக்காமல் பந்தியில் தாண்டிப் போனார்கள். "டீச்சருக்குச் சுகரு" என்று ஒருத்தி இன்னொருத்திக்கு எடுத்துச் சொன்னாள். எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். இந்த அன்பில் கால்வாசி போன வருடம் கிடைத்திருக்கலாமே என்றுதான் எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

மாதம் முடிந்ததும் மறுபடி லேப்புக்குப் போனேன். போகிற அன்றைக்குக் காலையில் பால் டம்ளர் அடுப்படி மேடையில் இருந்தது. குடித்தால் இன்னொரு மாதம் கிடைக்கும். கையில்கூட எடுத்துவிட்டேன். ஆனால் ஒவ்வொரு மாதமும் பால் குடித்தே ஓய்வு வாங்க முடியுமா? அதற்கும் எனக்கு அசதியாக இருந்தது. ஒரு வாய் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனேன்.

இந்தத் தடவை எல்லாமே மெல்லிய எழுத்து. மூன்று மாதச் சராசரியும் மெல்லிய எழுத்து. டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "ஒரு மாசத்துல ஃபாஸ்டிங் எறங்குறது சரி. சராசரியே நல்லா இருக்கே, அது எப்படி? போன தடவ ஏதாச்சும் சாப்பிட்டுட்டு வந்தீங்களா?"

சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "விரதம்னா வெறும் வயிறுன்னு லேப்புல நெனச்சிருப்பாங்க. நல்லதாப் போச்சு. ஒங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா."

"அப்ப இந்த அசதி?"

"அது வேலை. சரியான தூக்கம் இல்ல. ரெஸ்ட் எடுங்க."

"அத அப்படியே எழுதிக் குடுங்களேன்" என்றேன். நான் விளையாட்டுக்குச் சொன்னதாக நினைத்து மறுபடி சிரித்தார். அடுத்த டோக்கனுக்கு மணி அடித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவைக் கூட்டிவரக் கறம்பக்குடி போனோம். திரும்பும்போது மாமாவுக்குக் கார் பிடித்துக்கொள்வதாக ஏற்பாடு. பைக்கில் போகும்போது கணவர் திரும்பித் திரும்பிப் பேசினார். "சுகர் இல்லைன்னு சொல்ல வேணாம். கன்ட்ரோல்ல இருக்குன்னு சொல்லிக்குவம். நாளப் பின்ன மறுபடி அவகிட்டக் கேக்கணும்னா ஒரு வழி இருக்கணும்ல." நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது. கன்ட்ரோல்ல இருக்கு, கன்ட்ரோல்ல இருக்கு என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

நாத்தனார் கதவைத் திறந்தபோது சட்டென்று அடையாளம் தெரியவில்லை. எப்போதும் தலை வாரிப் பூ வைத்திருப்பவள், முடியை அள்ளிக் கொண்டையாகச் செருகியிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. மாமா சுத்தமாக இருந்தார். முகம் மழித்து, வெள்ளை வேட்டி கட்டி, பவுடர்கூடப் போட்டிருந்தார். நன்றாகத்தான் பார்த்திருக்கிறாள். கணவர் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் அவள் பின்னால் அடுப்படிக்குப் போனேன்.

டீத்தூள் டப்பாவைத் திறந்தவள் அப்படியே மேடையில் சாய்ந்துகொண்டாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கட்டா? அண்ணன்கிட்டச் சொல்லாதீங்க."

"கேளு."

"நீங்க ரத்தம் குடுத்தீங்கள்ல, அந்த லேப்பு எங்கிட்டு இருக்கு?" குரல் இறங்கிவிட்டது. "எனக்கு என்னமோ பண்ணுது. ஒக்காந்தா எந்திரிக்க முடியல. பாப்பா பேசுறது காதுல ஏற மாட்டேங்குது. அவருகிட்ட போன்ல சொன்னா, ஒரு மாசத்துக்கேவாங்குறாரு. ரத்தத்துல ஏதாச்சும் இருந்துச்சுன்னா காட்டலாம்ல அண்ணி. இருக்கும்ல?"

ஏதாவது இருக்க வேண்டுமே என்ற ஏக்கத்தோடு அவள் என் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் எனக்குத் தெரியும். கன்ட்ரோல், ஒத்திகை, எல்லாம் மறந்துபோனது. இவள்மேல் வைத்திருந்த கோபமும் எங்கே போனதென்று தெரியவில்லை.

"எனக்குச் சுகரே இல்லடி" என்றேன். பால், பழம், விரதம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழ ஆரம்பித்துவிட்டாள். நான் அவள் கையிலிருந்த டப்பாவை வாங்கி வைத்துவிட்டு, அவளைத் தரையில் உட்காரவைத்து நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அழுகைச் சத்தம் கேட்டுக் கணவர் முன்னறையிலிருந்து குரல் கொடுத்தார். "என்ன அங்க? என்னாச்சு?"

"ஒங்க தங்கச்சிக்கு அசதியா இருக்கு."

அவர் எழுந்து அடுப்படி வாசலுக்கு வந்தார். பிறகு, நல்ல மனதோடுதான் கேட்டார். "அப்ப அவளுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துருவமா?"

"வேணாங்க" என்றேன். "அவ வாயால சொல்லிட்டா. அது போதும்."